தாய்வீடு திரும்பிய இயந்திரம்



2012ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 29ஆந் திகதி இரவு, சாண்டி என்னும் பெரும்புயல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலக் கரையைத் தாக்கியது. மரங்கள் சாய்ந்தன, மின்கம்பங்கள் முறிந்தன, கடல் பொங்கித் தெருக்களிற் புகுந்தது. அந்நாட்டின் கிழக்கு மாநிலங்களில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் செயலிழந்தன. முன்யோசனை உடையோர், வீட்டுக் கொட்டிலில் வைத்திருந்த சிறு மின்பிறப்பாக்கியை வெளியே எடுத்து ஓட்டினர். அதன் தாங்கியிலிருந்த பெற்றோல் ஓரிரவுக்குப் போதுமானதாயிருந்தது. மறுநாளுக்கு?

மறுநாள் பெற்றோல் நிலையங்களின் முன்னே மக்கள் தகரக் கலன்களுடன் வரிசையாய் நின்றனர். பல நிலையங்களின் நிலத்தடித் தாங்கிகளிற் பெற்றோல் இருந்தது. அதை மேலே இறைக்க மின்சாரம் இருக்கவில்லை. மின்சாரம் உண்டாக்கப் பெற்றோல் வேண்டும். பெற்றோல் இறைக்க மின்சாரம் வேண்டும். இந்தச் சிக்கலிடையே, நவம்பர் 3ஆந் திகதி முதல் அம்மாநிலத்தின் 12 மாவட்டங்களில் வாகன இலக்கம் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து, ஒருநாள் விட்டு ஒருநாள் பெற்றோல் வழங்கலாயினர். ஐந்து கிலோவாற்று மின்பிறப்பாக்கி ஒன்று முழுச்சுமையில் மணிக்கு ஏறத்தாழ இரண்டரை லீற்றர் பெற்றோலைக் குடிக்கும். தலையிலே தண்ணீர்க் குடம் சுமந்து வயலுக்குப் பாய்ச்ச முனைந்தவனின் நிலையே அதன் உரிமையாளரின் நிலையும்.

ஆனால், அதே வீடுகளிற் பலவற்றில் அடுப்பின் நீலச் சுவாலை வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தது. நிலத்தின் கீழ்ப் புதைக்கப்பட்ட குழாய்களின் வழியே வரும் இயற்கை வாயுவைச் சூறைக்காற்று அசைக்கவில்லை. அடுப்பை எரிக்கும் வாயு இயந்திரத்தையும் ஓட்டாதா? இந்த வினாவே பெற்றோல் மின்பிறப்பாக்கியை இயற்கை வாயுவுக்கு மாற்றும் முயற்சியிற் பலரை ஈடுபடுத்தியது.

இது புதுமையான எண்ணம் போலத் தோன்றும். வரலாறு வேறு கூறுகின்றது. 1860ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் லெனுவார் என்பவர் அமைத்த இயந்திரம் நிலக்கரி வாயுவினால் ஓடியது. 1876ஆம் ஆண்டில் ஜேர்மனியில் ஒட்டோ நிறைவேற்றிய நாலடிப்பு இயந்திரமும் வாயுவையே உண்டது. இன்று பெற்றோலைக் குடிக்கும் இயந்திரங்களிற் பெரும்பாலானவை அதன் வழிவந்தவை. பெற்றோல் பின்னர் வந்து சேர்ந்தது. ஆகவே பெற்றோல் இயந்திரத்தை வாயுவுக்கு மாற்றுவது, அதனைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது போன்றதேயாம்.

மாற்றம் நிகழும் இடம் எது? உருளையையோ முசலத்தையோ எவரும் தொடவேண்டியதில்லை. எரிபொருளும் வளியும் கூடும் வாசலில் மட்டுமே வேலை. பெற்றோல் திரவம், அது நுண்டுளிகளாய்ச் சிதறி வளியுடன் கலந்து ஆவியான பின்னரே எரியும். அந்தக் கலவையைத் தயாரிப்பது காபரேற்றர். இயற்கை வாயுவோ முன்னரே வாயுவாயிருப்பது. அதை ஏறத்தாழப் பத்துப் பங்கு வளிக்கு ஒரு பங்கு என்ற அளவில் உள்ளே விட்டாற் போதும். இதற்கென, வளிவடிக்கும் காபரேற்றருக்கும் இடையே துளையுள்ள தகடொன்றைப் பொருத்தி அதன்வழி வாயுவைச் செலுத்துவது ஒரு முறை. வாயுவுக்கும் பெற்றோலுக்கும் பொதுவாகச் செய்யப்பட்ட காபரேற்றரை மாற்றி வைப்பது மற்றொரு முறை.

எனினும் குழாயை நேரே கொண்டுபோய் இயந்திரத்தின் வாயிற் செருகுதல் பெருந்தவறு. அப்படிச் செய்தால், இயந்திரம் நின்ற பின்னரும் வாயு பாய்ந்துகொண்டேயிருக்கும். பின்பு ஒரு தீப்பொறி போதும். ஆதலால் நடுவிலே காவற்காரன் ஒருவன் வேண்டும். அவனே பூச்சிய அமுக்க ரெகுலேற்றர். அதனுள்ளே மென்றகடு என்னும் மெல்லிய றப்பர்த் தகடு ஒன்று உண்டு. முசலம் கீழிறங்கி உறிஞ்சும்போது அத்தகடு இழுபட்டு வாயுவுக்கு வழிவிடும். உறிஞ்சல் நின்றதும் வழி அடைபடும். கன்று முட்டினாலன்றிப் பால் சுரவாத பசுவைப் போன்றது அது. கேட்டாற் கொடுக்கும், கேளாவிடின் கொடாது. பாதுகாப்பின் பெரும்பகுதி இச்சிறு கருவியிலேயே தங்கியிருக்கின்றது.

பொருத்திய பின் செய்யவேண்டியவை சில. பெற்றோற் குழாயை மூடி, காபரேற்றரில் எஞ்சியிருக்கும் பெற்றோலை முற்றாக வடித்துவிட வேண்டும்; இரண்டு எரிபொருளையும் ஒருங்கே ஊட்டலாகாது. வாயுவின் அளவைத் திருத்தும் திருகாணியை, மின்பிறப்பாக்கியிற் சுமை ஏற்றிய நிலையிலேயே சரிசெய்தல் வேண்டும். குறைந்தால் சுமை ஏறியதும் இயந்திரம் தளரும். மிகுந்தால் மூச்சுத் திணறும். மூட்டுகளிற் சவர்க்கார நீரைப் பூசிக் குமிழி எழுகின்றதா எனப் பார்ப்பதே கசிவைக் காணும் வழி. நெருப்புக்குச்சியால் தேடுவது அறிவீனம். வீட்டின் வாயுக் குழாயிலும் மீற்றரிலும் கைவைக்கும் வேலையை, அதற்கு அனுமதி பெற்ற தொழிலாளியிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

இதனாற் பெறுவது என்ன, இழப்பது என்ன? பெற்றோல் சில மாதங்களிற் பழுதடைந்து பிசினாகிக் காபரேற்றரின் நுண்துளைகளை அடைக்கும். அவசர வேளையில் இயந்திரம் கிளம்பாமைக்கு இது பெருங்காரணம். வாயுவில் அக்குறை இல்லை. தாங்கி நிரப்பும் தொல்லையும் இல்லை. இழப்பு வலுவிலே. உள்ளே வரும் வாயு வளியின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் வலு பத்து முதல் இருபது வீதம் வரை குறையும். ஐந்து கிலோவாற்று இயந்திரத்திலிருந்து நாலு கிலோவாற்றையே நம்பலாம்.

வாயுக் குழாயும் என்றும் வற்றாத ஊற்றன்று. சாண்டிப் புயலின்போதே, நியூ ஜேர்சியின் கடலோரத் தீவுகள் சிலவற்றிற் குழாய்கள் சிதைந்தமையால் வாயு விநியோகம் நிறுத்தப்பட்டது. 2021ஆம் ஆண்டு பெப்ரவரியில் ரெக்சாஸ் மாநிலத்தை வாட்டிய கடுங்குளிரில் வாயுக் கிணறுகளும் உறைந்தன. ஆதலின் அறிவுடையோர் பெற்றோற் பாதையை அறவே நீக்காது, இரண்டிலும் ஓடத்தக்கதாக இயந்திரத்தை வைத்திருப்பர்.

இனி, உயிரோடு தொடர்புடைய இரண்டு செய்திகள். முதலாவது புகை. இயற்கை வாயு தூய்மையாக எரிவது, ஆகவே வீட்டினுள் ஓட்டலாம் என்று எண்ணுவோர் உளர். அது பொய்யெண்ணம். வாயுவில் ஓடும் இயந்திரமும் காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயுவைக் கக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலே ஒட்சிசனின் இடத்தைக் கவர்ந்து, உறங்குபவரை உறக்கத்திலேயே கொல்லும். சாண்டியின் பின்னரும் ரெக்சாஸ் குளிரின்போதும் இவ்வாறு மாண்ட குடும்பத்தினர் உண்டு. இயந்திரம் வீட்டிலிருந்து குறைந்தது இருபது அடி தூரத்தில், திறந்த வெளியில், புகைவாய் வீட்டை நோக்காமல் நிற்றல் வேண்டும்.

இரண்டாவது மின்சாரம். மின்பிறப்பாக்கியின் கம்பியைச் சுவரிலுள்ள செருகுவாயிற் பொருத்தி வீடு முழுவதற்கும் ஒளி பெறுவோர் உளர். அம்மின்சாரம் வெளியே தெருக்கம்பிக்குச் சென்று, மின்மாற்றியிற் புகுந்து, பல்லாயிரம் வோல்ற்றாக உயரும். மழையில் நனைந்து, அறுந்த கம்பியைத் திருத்த ஏணியில் நிற்கும் தொழிலாளி, அதில் உயிர் இல்லையென்று நம்பித் தொடுவான். அயலாருக்கு ஒளி கொடுக்க வந்தவன் அங்கே மடிவான். தெருக்கம்பியிலிருந்து வீட்டைப் பிரிக்கும் மாற்று ஆளியின்றி எந்த மின்பிறப்பாக்கியையும் வீட்டு மின்சுற்றுடன் இணைத்தல் குற்றமாகும்.

இலங்கையில் வீடுகளுக்கு இயற்கை வாயுக் குழாய் இல்லை. 2011ஆம் ஆண்டில் மன்னார்க் கடற்படுகையில் வாயு இருப்பது கண்டறியப்பட்ட போதிலும், அது அடுப்படிக்கு வந்து சேரவில்லை. 2022ஆம் ஆண்டிலோ பெற்றோல், சமையல் வாயு, மின்சாரம் ஆகிய மூன்றுக்கும் ஒருங்கே தட்டுப்பாடு வந்ததை நேயர்கள் மறந்திரார். சிலிண்டரில் வரும் சமையல் வாயுவுக்கும் இயந்திரத்தை மாற்றலாம். ஆயின் அதற்குரிய ரெகுலேற்றர் வேறு, துளையளவும் வேறு. இயற்கை வாயு வளியிலும் இலேசானது, மேலெழுந்து கலையும். சமையல் வாயு வளியிலும் பாரமானது, நிலத்தோடு தவழ்ந்து பள்ளங்களில் தேங்கும். கால்நடை வளர்ப்போர்க்கு இன்னொரு வழியும் உண்டு. சாணத்திலிருந்து பெறும் உயிர்வாயுவின் பெரும்பகுதி, இயற்கை வாயுவின் முதன்மைக் கூறான மெதேனே. அதிற் கலந்துள்ள கந்தகச் சேர்க்கையை இரும்புத் துருவினூடாகச் செலுத்தி நீக்கிவிட்டால், அதுவும் இயந்திரத்தை ஓட்டும்.

இயந்திரத்துக்கு எரிபொருளிற் பிடிவாதம் இல்லை. எரியத்தக்கதை உரிய அளவில் வளியோடு கலந்து கொடுத்தால் அது உழைக்கும். அந்த அளவை அறிவதும், புகைக்கும் மின்சாரத்துக்கும் அஞ்சவேண்டியவாறு அஞ்சுவதும் மனிதனின் பொறுப்பு. அவற்றை அமைதியான நாளில் ஆறுதலாகக் கற்கவேண்டும். பெற்றோல் தீர்ந்த இரவிலே, கைவிளக்கின் ஒளியிற் கற்கத் தொடங்குபவன் காலந் தாழ்த்தியவனாவான்.