இரு கரைக்கும் ஒரு பார்

தூத்துக்குடிக் கடலில் முத்துச்சிப்பி வளரும் தளத்தைக் குளியாட்கள் ‘பார்’ என்பர். தோலாயிரம் பார் என்னும் பெயரை இந்நகரத்தார் நன்கறிவர். எதிரே மன்னார்க் கரையிலும் சிப்பித் தளங்களுக்குப் பார் என்பதே பெயர். உலகத்தையும் தமிழ் ‘பார்’ என்றே அழைக்கிறது. இச்சொல்லின் இருபொருளே இவ்வுரைக்குத் தொடக்கம்.

தன் நாட்டின் நலம் தனியானது, ஆதலின் பிறர்க்குரிய விதி தனக்குப் பொருந்தாது என்று ஒரு நாடு கருதுவது அயலுறவில் அறிவுடைமையா? அண்டை நாட்டோடு ஒரே விதிக்குக் கட்டுப்படுவது அறிவுடைமையா? இவ்வினாவைப் பேரரசுகளின் தலைநகரங்களில் கேட்பதைவிட மன்னார் வளைகுடாவின் கரையில் கேட்பதே பொருத்தம். இங்கே அதற்கு விடை ஏட்டில் இல்லை, கடலில் இருக்கிறது.

கொற்கை முத்தின் புகழை விரித்துரைக்க இங்குத் தேவையில்லை. கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய எரித்திரியக் கடற்பயண நூலும் பாண்டியர் ஆட்சிக்குட்பட்ட கொற்கையின் முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. கருதவேண்டுவது முத்தின் விலையன்று, முத்துக்குளித்தலின் ஒழுங்கு. சலாபம் நினைத்த ஆண்டில் நடப்பதன்று. முதலில் பார்களைச் சோதிப்பர். மாதிரிச் சிப்பிகளை எடுத்து அவற்றின் முதிர்ச்சியையும் முத்தின் மதிப்பையும் கணிப்பர். சிப்பி முதிர்ந்திருந்தால் மட்டுமே நாளும் இடமும் அறிவிக்கப்படும். இல்லையேல் கரை முழுவதும் காத்திருக்கும். குளித்தெடுத்த சிப்பி ‘கொட்டு’ எனப்படும் அடைப்பிற்கு வந்து பங்கிடப்படும். ஆங்கிலேயர் காலத்தில் மூன்றில் இரு பங்கை அரசே எடுத்துக்கொண்டது. மூச்சடக்கியவனுக்கு எஞ்சிய பங்கே கிடைத்தது. அப்பங்கீடு நீதியானதன்று. ஆயினும், கடல் தரும்வரை காத்திருக்க வேண்டும் என்னும் விதி அரசையும் குளியாளையும் ஒருங்கே கட்டியது.

அவ்வொழுங்கு இருகரைக்கும் பொது. மன்னார்க் கரையில் மரிச்சுக்கட்டிச் சலாபம் அறிவிக்கப்பட்டால் தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை இசுலாமியக் குளியாட்களும் தோணியேறினர். சம்மாட்டிகளும் வணிகரும் உடன் சென்றனர். இக்கரைக் குளியாட்கள் இன்றி அக்கரைச் சலாபம் சிறக்கவில்லை.

1905ஆம் ஆண்டு மன்னார்க் கரையில் நடந்த சலாபத்தில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டே அப்பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பெனியிடம் விடப்பட்டன. 1907க்குப் பின் பார்கள் நெடுங்காலம் வறண்டன. குத்தகைக் காலம் முடியுமுன்பே கம்பெனி கலைந்தது. தூத்துக்குடிக் கரையில் 1955 முதல் 1961 வரை சலாபங்கள் நடந்தன. 1961க்குப் பின் இங்குச் சலாபம் இல்லை. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி அறிவியலாளர் வளர்ப்பு முத்தை உருவாக்கி வென்றனர். ஆனால் இயற்கைப் பார்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

இவ்வறட்சிக்குக் காரணங்கள் பல. அவற்றுள் இயற்கையின் ஏற்றத்தாழ்வும் உண்டு. ஆயினும் சிப்பியின் வாழ்க்கையிலேயே ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. முட்டையிலிருந்து வெளிவரும் இளஞ்சிப்பி ஏறத்தாழ மூன்று வாரம் நீரோட்டத்தில் மிதந்தலைந்த பின்னரே ஒரு தளத்தில் பற்றிக்கொள்கிறது. எந்தப் பாரில் பிறந்தது எந்தப் பாரில் தங்கும் என்பதை நீரோட்டமே முடிவு செய்கிறது. ஆகவே தன் பாரைத் தான் மட்டும் காத்துக்கொள்வேன் என்று ஒரு நாடு கூறினால், அக்கூற்றைச் சிப்பியே ஏற்பதில்லை.

இக்கடலில் கோடு வரையும் முயற்சியும் சிப்பியோடும் சங்கோடும் மீனோடும் தொடர்புடையதே. 1921இல் சென்னை மாகாணத்தின் சார்பிலும் இலங்கையின் சார்பிலும் கொழும்பில் கூடிய குழுவினர், மீன்வள எல்லையைப் பற்றியே பேசினர். விடுதலைக்குப் பின் 1974 சூன் திங்களில் பாக் நீரிணைக்கும் பாக் விரிகுடாவுக்கும் இருநாட்டு எல்லை வகுக்கப்பட்டது. கச்சத்தீவு இலங்கைப் பக்கம் அமைந்தது. 1976 மார்ச்சுத் திங்களில் மன்னார் வளைகுடாவுக்கும் எல்லை வகுக்கப்பட்டது. ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டுக் கடலில் மீன்பிடித்தல் கூடாது என்பது அவ்வொப்பந்தத்தையொட்டி அதிகாரிகள் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் எழுதப்பட்டது. அதே கடிதங்களின்படி, குமரிக்குத் தெற்கேயுள்ள வாட்சு வங்கி என்னும் வளமிக்க மீன்தளத்தில் இலங்கைப் படகுகளின் வாய்ப்பும் ஒரு குறுகிய காலத்துக்குப் பின் முடிவுற்றது. இரு கரையும் இழந்தன.

கோடு வரைந்தது தவறு என்பது இவ்வுரையின் கருத்தன்று. எல்லை இல்லாத கடலில் வலியவன் விதியே விதியாகும். குறை வேறிடத்தில் உள்ளது. கோட்டை வரைந்தவர்கள் அதன் இருபுறமும் உள்ள ஒரே கடலை யார் கூடிக் காப்பது என்பதை வகுக்கவில்லை. வகுக்காத வெளியில், ‘எனக்கு மட்டும் விலக்கு’ என்னும் எண்ணம் இருகரையிலும் முளைத்தது.

இக்கரையின் குறையை முதலில் கூறுவதே முறை. இழுவை மடி கடலடியைச் சுரண்டி, குஞ்சும் பாசியும் சிப்பியும் ஒருசேர வாரியெடுப்பது. இந்தியக் கரைகளில் அம்முறை பரவியதில், 1952இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அவையும் கையெழுத்திட்ட மீன்பிடித் திட்டத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஒத்துழைப்பு என்னும் பெயர் இருந்தால் மட்டும் ஒன்று நன்மையாகிவிடாது என்பதற்கு இதுவே சான்று. கடலோடு வாழ்பவனைக் கலவாத ஒத்துழைப்பு அரை ஒத்துழைப்பே.

1983 முதல் 2009 வரை நீடித்த போரில் ஈழத்து வடகரை மீனவர் கடலுக்குச் செல்லத் தடைகள் விதிக்கப்பட்டன. அக்காலத்தில் இக்கரை இழுவைப் படகுகள் அக்கடலில் பழகின. போர் முடிந்து, முள்வேலிக்குள்ளிருந்து மீண்டு வலை விரிக்க வந்தவன், தன் வலையை இழுவைப் படகு அறுத்துச் செல்லக் கண்டான். பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்குப் பிற நாள் என்பது இக்கரை ஒழுங்கு. அந்த மூன்று நாளின் இரவுகளில் வலை விரிக்க அஞ்சிக் கரையில் தங்கிய மீனவர் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் உண்டு. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை நடப்பில் உள்ளது. மீன் இனப்பெருக்கத்திற்கான அத்தடைக்காலமே அக்கரை மீனவர்க்கு அச்சமின்றித் தொழில் செய்யும் காலமாகவும் அமைந்தது. இக்கரையின் நாட்காட்டி அக்கரையின் உறக்கத்தை முடிவு செய்தது. அந்த உறக்கமிழந்தவன் பேசும் மொழியும் தமிழே.

அக்கரை அரசின் குறையும் மறைத்தற்குரியதன்று. பிழைக்கச் சென்றவனைத் துப்பாக்கியால் எதிர்கொண்ட நிகழ்ச்சிகள் உண்டு. நெடுஞ்சிறையும், படகைப் பறித்துக் குடும்பத்தையே கடனில் ஆழ்த்துதலும் உண்டு. 2024 சூன் திங்களில் இந்திய இழுவைப் படகொன்றைப் பிடிக்கும் முயற்சியில் இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகஸ்டுத் திங்களின் முதல் நாளில், இலங்கைக் கடற்படைக் கலம் மோதியதில் இராமேசுவரம் மீனவர் ஒருவர் உயிரிழந்தார். சில நாட்களில் தூத்துக்குடி மாவட்டத்துத் தருவைகுளம் மீனவர் 22 பேர் சிறைப்பட்டனர். ஈராயிரம் ஆண்டுகளாக ஒரு கடலில் மூழ்கி எழுந்த இரு கரையினர்க்கு அரசுகள் தந்தவை இவை.

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். அடிமைப்பட்டுக் கிடந்து விடுதலை பெற்ற நாடு தன் இறையாண்மையைப் பிறரோடு பங்கிட வேண்டுமா? வ.உ.சி.யின் ஊரில் இவ்வினா எழுவது இயல்பு. அதற்கு விடையும் அவர் வாழ்விலேயே உண்டு. 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தை அவர் நிறுவியபோது, அதன் கப்பல்கள் ஓடியது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே. இரு கரைகளை இணைக்கும் வழியில், ஆங்கிலக் கம்பெனியின் தனியுரிமையை உடைப்பதே அவர் நோக்கம். ‘எமக்கு மட்டும் விலக்கு’ என்றது ஆங்கிலக் கம்பெனி. ‘யாவர்க்கும் ஒரே கடல், ஒரே நீதி’ என்பதே அவர் செயலின் பொருள். நாட்டுப்பற்று வேறு, நாட்டை விதிக்கு விலக்காக்குதல் வேறு. முன்னதற்காகச் செக்கிழுத்தவர் பெயரைப் பின்னதற்குத் துணையாக அழைத்தல் பொருந்தாது.

பிறநாட்டுச் சான்றுகளும் உள. ஆஸ்திரேலியாவுக்கும் பாப்புவா நியூகினிக்கும் இடையேயுள்ள டாரஸ் நீரிணையும் முத்துச்சிப்பிக்குப் பெயர் பெற்றது. 1978இல் கையெழுத்தாகி 1985இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையால் அவ்விரு நாடுகளும் கடலடிக்கு ஒரு கோடும் மீன்வளத்துக்கு வேறொரு கோடும் வகுத்தன. பாப்புவாக் கரையை ஒட்டிய சில தீவுகள் ஆஸ்திரேலியாவிடமே இருந்தன. ஆயினும் நீரிணையின் பெரும்பகுதி காப்பு மண்டலமாயிற்று. அங்கே மரபுவழி மக்கள் கடவுச்சீட்டின்றிச் சென்று வரலாம், மரபுவழி மீன்பிடிக்கலாம். வணிக மீன்பிடிப்பின் பங்கை இரு அரசுகளும் கூடிப் பேசி வகுக்கும். தீவு எவருடையது என்னும் வினாவும் கடலை எவ்வாறு காப்பது என்னும் வினாவும் அங்கே பிரித்துவைக்கப்பட்டன. கச்சத்தீவு எக்கொடியின் கீழ் இருப்பினும் இழுவை மடி தான் சுரண்டிய தளத்தை மீண்டும் நிரப்பாது என்பதை எண்ணினால், அப்பிரிப்பின் அறிவு விளங்கும்.

பால்டிக் கடலின் கதை இன்னும் வியப்புக்குரியது. பாக் நீரிணைக்குக் கோடு வரைந்த அதே 1974இல், பனிப்போரின் இருபுறமும் நின்ற ஏழு நாடுகள் எல்சிங்கியில் கூடி, அக்கடலின் மாசினைத் தடுக்க உடன்படிக்கை செய்தன. சோவியத்து ஒன்றியமும் மேற்கு செருமனியும் ஒரே தாளில் கையெழுத்திட்டன. ஏவுகணைகளைக் குறிவைத்து நின்றவர்க்கு இயன்றது, ஒரே மொழியில் தாலாட்டுக் கேட்டவர்க்கு இயலாதா?

இயலும் என்பதற்கு இக்கடலிலேயே அடையாளங்கள் உண்டு. 2021 மே திங்களில் கொழும்புக்கு அப்பால் ஒரு சரக்குக் கப்பல் தீப்பற்றியது. அதன் பெயரிலும் முத்து என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல் இருந்தது. அதிலிருந்து சிதறிய நெகிழிமணிகள் இலங்கைக் கரையில் குவிந்தன. அத்தீயை அணைக்க இந்தியக் கடலோரக் காவற்படைக் கலங்களும் விரைந்தன. 2010இலும், 2014, 2015 ஆண்டுகளிலும் இருகரை மீனவர் பிரதிநிதிகள் நேருக்குநேர் அமர்ந்து பேசினர். 2016இல் இரு அரசுகளும் கூட்டுப் பணிக்குழு அமைத்தன. 2017இல் இலங்கை இழுவை மீன்பிடிப்பைச் சட்டத்தால் தடுத்தது. அதே ஆண்டு இந்திய அரசு பாக் விரிகுடா இழுவைப் படகுகள் 2,000ஐ ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. அது இலக்கை எட்டவில்லை. வழி தெரியாமையால் அன்று, வழியில் தொடர்ந்து நடவாமையால் இத்துன்பம் நீள்கிறது. அடைபட்ட கடல்களின் கரை நாடுகள் உயிர்வளத்தைக் காப்பதில் ஒத்துழைக்க வேண்டும் என்று கூறும் 1982ஆம் ஆண்டுக் கடற்சட்ட உடன்படிக்கையை இரு நாடுகளும் ஏற்றிருக்கின்றன.

ஆகவே வேண்டப்படுவன சிலவே. இருகரைக்கும் ஒரே மீன்பிடித் தடைக்காலம். இருகரைக்கும் ஒரே வலை விதி. இருகரை மீனவரும் அறிவியலாளரும் அமரும் நிலையான கடல்வாரியம். இழுவைப்படகை விடுபவனுக்கு, அவன் கடன் தீரும் அளவுக்கு உண்மையான மாற்றுத் தொழில். குற்றம் செய்தவனுக்கு விதி உண்டு, துப்பாக்கி இல்லை என்னும் உறுதி. இவற்றால் எந்நாட்டின் கொடியும் தாழாது. தன் மீனவர்க்கு நீதி கேட்கும் நாடு, அதே விதிக்குத் தானும் கட்டுப்பட்டு நின்று கேட்டால் அக்குரலுக்கு வலிமை கூடும்.

கவிஞர்க்கு இதில் என்ன பணி என்று கேட்கலாம். உலகமே உறவு என்று மேடையில் பாடுவது எளிது. தொலைவிலுள்ளவனை உறவாக்கிக் கொள்வதில் இழப்பு ஒன்றுமில்லை. முப்பது கல் தொலைவில் உள்ளவனோடு வலையின் கண்ணளவைப் பேசி முடிவுசெய்வதில்தான் உறவு சோதிக்கப்படுகிறது. பழந்தமிழர் நிலத்தைத் திணையாகப் பகுத்தனர். வேந்தர் எல்லையால் பகுக்கவில்லை. சங்கப் புலவருள் ஈழத்துப் பூதன்தேவனார் என்னும் பெயரினரும் இடம்பெற்றுள்ளார். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். கடலுக்குப் போனவனை எண்ணித் தருவைகுளத்தில் ஒருத்தி இரங்குகிறாள். பேசாலையில் ஒருத்தி இரங்குகிறாள். முன்னவளை மட்டும் பாடினால் அது பாதி நெய்தல். இரண்டு இரக்கத்தையும் ஒரு பாட்டில் கேட்கும் செவி முதலில் கவிஞர்க்கு வாய்க்குமானால், பின்னர் அரசுகளுக்கும் அது வாய்க்கக்கூடும்.

சலாபத்தின் முதல் விதி காத்திருத்தல். இரண்டாம் விதி, எல்லோரும் ஒருங்கே காத்திருத்தல். ஒருவன் முந்தினால் பார் வறளும். முத்துக்குளித்த கரை உலகுக்குச் சொல்லத்தக்க அயலுறவுக் கொள்கை அதுவே.