ஒரு பிடி அரிசியும் ஒன்பதாம் வகுப்பும்



ஜூன் மாதம் பிறந்துவிட்டது. சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் காலையில் இரண்டு வண்டிகள் வந்து நிற்பதை நாம் பார்க்கிறோம். ஒன்று பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன். மற்றொன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் முண்டியடித்து ஏறும் டவுன் பஸ். எட்டாம் வகுப்பை உள்ளூரில் முடித்த பிள்ளை இந்த ஆண்டு எந்த வண்டியில் ஏறப்போகிறது? நம் வீடுகளில் இதை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. ஆனால் ஒவ்வொரு ஜூனிலும் ஏதாவது ஒரு வீட்டில் இது முடிவாகிறது.

சட்டத்தை எடுத்துக்கொண்டால், 2009இல் வந்த கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயது வரைதான் கைபிடித்துக் கூட்டிப் போகிறது. வெடிமருந்து போன்ற ஆபத்தான தொழிலில் 18 வயது நிரம்பாத யாரையும் சேர்க்கக் கூடாது என்று 2016இல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. நடுவில் கிடக்கின்றன நான்கு ஆண்டுகள். வேலைக்குப் போகக் கூடாது. பள்ளிக்குப் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அரசின் இலவச சைக்கிளோ பதினொன்றாம் வகுப்பில்தான் கைக்கு வருகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு அடுத்த ஊர் போக வேண்டிய பெண் பிள்ளை பஸ்ஸை விட்டால் நடக்க வேண்டியதுதான். ஆகவே ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்ந்தால், இரண்டு வகுப்பு கூடியதாக மட்டும் நாம் அதை நினைக்கக் கூடாது. அந்த நான்கு ஆண்டுகளில் இரண்டு ஆண்டுகளை ஊரே தன் கையில் எடுத்துக்கொண்டது என்று அதற்குப் பொருள்.

அப்படித் தரம் உயர்த்த, ஊர் மக்களின் பங்காக 1 லட்சம் ரூபாய் அரசுக்குக் கட்ட வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. கூலிக்காரர்கள் வாழும் ஊரில் அது சின்னத் தொகை அல்ல. ஆனால் நம் மாவட்டத்துக்கு இது புதிதும் அல்ல. விருதுநகர் அப்போது விருதுபட்டி. 1889இல் அங்கே நாடார் உறவின்முறையினர் சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். வியாபாரிகள் மகமை கொடுத்தார்கள். வீட்டில் இருந்த தாய்மார்கள் என்ன கொடுத்தார்கள் தெரியுமா? உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்கள். சேர்ந்த அரிசியை வீடு வீடாக வாங்கி விற்று, அந்தப் பணத்தில் பள்ளியை நடத்தினார்கள். பிள்ளைகளுக்குச் சம்பளம் கிடையாது. நற்செய்தியில் ஒரு சிறுவன் ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் கொடுத்தான் அல்லவா? அவனுக்கும் வீட்டில் யாரோ ஒருவர் அதைக் கட்டிக் கொடுத்திருப்பார் என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

அந்தப் பிடி அரிசிப் பள்ளியில் படித்தவர்தான் காமராசர். ஆனால் அவர் அங்கே படிப்பை முடிக்கவில்லை. தகப்பனார் சிறு வயதிலேயே இறந்துபோனார். பள்ளியில் சம்பளம் வாங்காவிட்டாலும் வீட்டு அடுப்பு எரிய வேண்டுமே. பன்னிரண்டு வயதளவில் அவர் மாமாவின் துணிக்கடைக்குப் போய்விட்டார். இந்தப் பகுதியைக் கதையில் நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்தது, இலவசமாகவும் இருந்தது, ஊரே அரிசி கொடுத்து நடத்தியது. அப்படியும் ஒரு பிள்ளை வெளியே போனான். அவர் முதலமைச்சரான பிறகு 1956இல் மதிய உணவைக் கொண்டுவந்தது ஏன் என்பதற்குப் பதில் அந்தத் துணிக்கடையில்தான் இருக்கிறது என்பது நம் எண்ணம்.

சரி, புதிதாக உயர்நிலைப் பள்ளியான ஒரு பள்ளிக்குள் போய்ப் பார்ப்போம். அங்கே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்தான் பெரிய பிள்ளைகள். 'போன வருஷம் அண்ணன்மார் இப்படிச் செய்தார்கள்' என்று பார்த்துப் பழக யாரும் இல்லை. காலை வழிபாட்டில் செய்தி வாசிப்பதும், குறள் சொல்வதும், கொடிக் கயிற்றைச் சரிபார்ப்பதும், ஆறாம் வகுப்புக் குழந்தைகளைச் சாப்பாட்டு வரிசையில் நிறுத்துவதும் அவர்கள் வேலை. அறிவியல் ஆய்வுக்கூடம் வர நாளாகும். கணக்கு ஆசிரியர் வேறு பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் வருவார். வகுப்பறை போதாமல் வேப்பமரத்தடியில் ஒரு வகுப்பு நடக்கும். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் மாலைச் சிறப்பு வகுப்பு. நம் மாவட்டத்துக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேர்ச்சியில் முதலிடம் பிடிப்பது நம் பழக்கம். 2023இல்கூட பிளஸ் டூவில் 97.85 விழுக்காட்டோடு விருதுநகர்தான் முதலில் வந்தது. ஆனால் அந்த விழுக்காடு தேர்வு எழுதியவர்களின் கணக்கு. நடுவில் நின்றுபோனவர்கள் அதில் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தொடக்கப் பள்ளி ஒரு தெருவோடு, ஓர் ஊரோடு முடிந்துவிடும். உயர்நிலைப் பள்ளிக்குச் சுற்றுவட்டாரத்து நாலைந்து ஊர்களிலிருந்து, எல்லாத் தெருக்களிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். முதன்முதலாக ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். அங்கேயே கையில் கட்டும் கயிற்றின் நிறத்தை வைத்து ஆள் பிரிப்பதும் தொடங்குகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன்படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு, சாதி அடையாளக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொல்லி 2024இல் அறிக்கை தந்தது. கயிற்றை ஆசிரியர் அவிழ்க்கலாம். கட்டிவிட்ட கை நம் வீட்டில் அல்லவா இருக்கிறது? அந்தக் காலத்தில் பிடி அரிசியை ஓர் இனத்தார் சேர்த்தார்கள், தங்களுக்கு மறுக்கப்பட்ட கல்வியைத் தாங்களே தேடிக்கொண்டார்கள். அது பெருமைக்குரியதுதான். இன்றைய அரசுப் பள்ளிக்கு அது போதாது. எல்லாத் தெருவின் அரிசியும் ஒரே பானையில் விழ வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு எத்தனை தெருவிலிருந்து பெற்றோர் வருகிறார்கள் என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தால் நமக்கே தெரியும்.

அச்சங்குளத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். 2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. திருநீற்றுப் புதனுக்கு இன்னும் ஐந்து நாள். கொரோனாவால் மாதக்கணக்கில் மூடிக் கிடந்த பள்ளிகளில் ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புகள் அந்த வாரம் திங்கட்கிழமைதான் மறுபடி திறந்திருந்தன. அன்று மதியம் அங்கிருந்த பட்டாசு ஆலை வெடித்தது. இறந்தவர்கள் இருபதுக்கும் மேல். அவர்களுள் ஒருவர் கல்லூரி மாணவி என்று செய்தித்தாள்கள் எழுதின. சாயங்காலம் பை மாட்டிக்கொண்டு வீடு திரும்பிய பிள்ளைகளில் சிலருக்குக் கதவைத் திறக்க ஆள் இல்லை.

ஆலைக்குப் போகிறவர்களைக் குறை சொல்ல நாம் வரவில்லை. இந்தக் கரிசல் பூமியில் மழை நம்பிக்கை கொடுக்காதபோது சோறு கொடுத்தது அந்தத் தொழில். முன்பணம் வாங்கிவிட்ட வீட்டுக்கு அதன் பாரம் தெரியும். குழாய் சுற்றிச் சுற்றி விரல் தேய்ந்த தாய்தான், 'என் பிள்ளை இதைத் தொடக் கூடாது' என்று நம்மிடம் முதலில் சொல்கிறாள். அவளுக்குத் துணையாக யார் நிற்பது?

நாம் கவனிக்க வேண்டிய நாட்கள் ஜூனில் இல்லை, ஏப்ரலிலும் மேயிலும் இருக்கின்றன. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து, முடிவு வரும் வரை பிள்ளை சும்மாதானே இருக்கிறது, இரண்டு மாதம் போய் வரட்டும், பிளஸ் ஒன்னுக்கு யூனிஃபார்மாவது எடுக்கலாம் என்ற பேச்சு அப்போதுதான் வரும். விடுமுறை என்றாலும் சட்டம் சட்டம்தான்; 18 வயது ஆகாத பிள்ளை அந்த வாசலைத் தாண்டக் கூடாது. யூனிஃபார்முக்கும் நோட்டுக்கும் ஆகும் பணத்தைப் பங்கிலும் ஊரிலும் நாம் திரட்டிவிடலாம். அந்த இரண்டு மாதமும் பங்கு மண்டபத்தைக் காலையிலேயே திறந்து வைக்கலாம். பாய் விரிக்கலாம், கல்லூரியில் படிக்கும் நம் அண்ணன் அக்காமார் வந்து ஆங்கிலமும் கணக்கும் சொல்லித் தரலாம். எந்த மதத்துப் பிள்ளை, எந்தத் தெருப் பிள்ளை என்று வாசலில் கேட்க வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஒரு பிடி அரிசி என்று இந்த ஞாயிறே சேர்க்கத் தொடங்கினால், ஏப்ரலுக்குள் மூட்டை நிறைந்துவிடும்.