கலையா, அறிவியலா?

(மாணவர்களுக்கான கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)



சென்ற வாரம் மஃரிபுத் தொழுகைக்குப் பின் மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு பயின்றவர். "ஹஜ்ரத், வாப்பா பி.எஸ்ஸி. வேதியியல் என்கிறார்கள். எனக்கு வரலாற்றிலும் மனம் செல்கிறது. விண்ணப்பிக்க மூன்று நாள்களே உள்ளன" என்று கலங்கினார். மதரஸாவில் ஓதிய எனக்கு இத்தகைய தெரிவு வாய்த்ததில்லை. விவரமறிந்த பேராசிரியர் ஒருவரைக் கேட்டே பதில் கூறினேன்.

அறிவியல் பிரிவில் தேறியவருக்குப் பி.ஏ. வரலாற்றின் கதவும் திறந்தே இருக்கிறது. கலைப் பிரிவில் தேறியவர் பி.எஸ்ஸி. வேதியியலில் சேர இயலாது. எனவே இவர் இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம், அதில் வெட்கமில்லை. ராமேசுவரத்து அப்துல் கலாம் அவர்கள்கூட, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் பயின்று முடித்த பின்னரே பொறியியலே தமது துறை எனக் கண்டு, சென்னை எம்.ஐ.டி.யில் சேர்ந்தார்கள்.

"கலை படித்தால் பிழைப்பேது?" என்பதே பெற்றோரின் அச்சம். நியாயமான அச்சந்தான். ஆயினும் ஐ.ஏ.எஸ். தேர்வுக்கும் மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கும் இன்ன பாடத்தில்தான் பட்டம் பெற்றிருக்க வேண்டுமென்ற விதியில்லை. கொர்தோவாவின் காஜியாக இருந்த இப்னு ருஷ்து அவர்கள் மருத்துவ நூலும் எழுதினார்கள். இந்தப் பிரிவினையெல்லாம் நாம் வகுத்துக்கொண்டவை. மனம் ஒட்டாத வகுப்பில் மூன்றாண்டு அமரப்போவது பிள்ளை, நாமல்ல.

அம்மாணவர் இரண்டு விண்ணப்பங்களையும் அனுப்பிவிட்டார். வாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லையாம். இன்ஷா அல்லாஹ், இன்று இஷாவுக்குப் பின் நானே அவர்கள் இல்லத்திற்குச் செல்கிறேன்.