திரையில் உடல்: விமர்சகரின் கண் எங்கே இருக்க வேண்டும்?



ஒரு படம் வெளியானால் கதை எப்படி, நடிப்பு எப்படி, பாட்டு எப்படி, ஒளிப்பதிவு எப்படி என்று நம் விமர்சகர்கள் ஒன்றுவிடாமல் அலசுகிறார்கள். ஆனால் திரையில் ஆடையில்லாத உடல் வருகிற இடத்தில் மட்டும் பலருக்கும் பேனா தடுமாறிவிடுகிறது. ஒரு சாரார், "ஆபாசம், குடும்பத்தோடு பார்க்க முடியாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இன்னொரு சாரார், "நாயகி தாராளம் காட்டியிருக்கிறார்" என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவார்கள். முதலாமவர் காட்சியைப் பார்க்க மறுத்துவிட்டார். இரண்டாமவர் உடலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. இரண்டுமே விமர்சனம் ஆகாது.

நிர்வாணக் காட்சியை மதிப்பிடுவதும் விமர்சனக் கலையின் ஒரு பகுதிதான். மற்ற எந்தக் காட்சியைவிடவும் கூடுதல் பொறுப்போடு செய்ய வேண்டிய பகுதி அது. அதற்கு விமர்சகர் இரண்டு கேள்விகளைக் கையில் வைத்திருக்க வேண்டும். இந்தக் காட்சி என்ன சொல்கிறது? இந்தக் காட்சி எப்படி எடுக்கப்பட்டது? இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் மதிப்பீடு முழுமையாகும்.

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. சேகர் கபூர் இயக்கி 1994-ல் வந்த 'பாண்டிட் குயின்', கொள்ளைக் கூட்டத் தலைவியாக இருந்த பூலான்தேவியின் வாழ்க்கையைச் சொன்ன படம். அதில் கிராமத்து ஆதிக்க சாதி ஆண்கள், மல்லா சாதியில் பிறந்த அந்தப் பெண்ணை ஆடை களைந்து ஊர் நடுவே நடத்தி, கிணற்றில் தண்ணீர் எடுத்துவரச் சொல்கிற காட்சி வருகிறது. கேமரா அவள் உடலை நெருங்கித் துழாவாமல் தள்ளி நின்று பார்க்கிறது. சுற்றி நிற்கும் ஆண்கள், அவர்களுடைய மௌனம், நடுவே தனியாக ஒரு பெண், கிணறு, குடம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் காட்சி. பார்ப்பவருக்கு அங்கே கிளர்ச்சி வராது. நெஞ்சு பதறும், செய்தவர்கள் மேல் அருவருப்பு வரும்.

அந்தப் படத்துக்கு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கொடுத்த 'ஏ' சான்றிதழை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996-ல் வந்த தீர்ப்பு அந்தச் சான்றிதழை மீட்டுக் கொடுத்தது. சட்டம் படிக்காதவர்களும் படிக்க வேண்டிய தீர்ப்பு அது. ஒரு காட்சியைத் தனியே பிய்த்து எடுத்துப் பார்க்கக் கூடாது, அது படத்தில் எதற்காக இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். ஸ்பீல்பெர்க்கின் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படத்தை எடுத்துக்காட்டினார்கள். நாஜி முகாமில் மனிதர்கள் ஆடையின்றி நிறுத்தப்படும் காட்சியைப் பார்த்து யாருக்கும் கண்ணீர்தான் வரும். வக்கிரம் பிடித்த ஒருவனை மனத்தில் வைத்துத் தணிக்கை செய்ய முடியாது என்பது அவர்கள் வாதம். நம் முதல் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைப்பது அரிது.

ஆனால் இரண்டாவது கேள்வியை எழுப்பியவர் ஓர் எழுத்தாளர். அருந்ததி ராய், நாவலாசிரியராகப் புகழ்பெறுவதற்கு முன்பே, 1994-ல் இந்தப் படத்துக்குக் கடுமையான விமர்சனம் எழுதினார். உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமையை, அவளுடைய அனுமதி இல்லாமல் திரையில் மறுபடி நடத்திக்காட்ட யாருக்கு உரிமை இருக்கிறது என்று கேட்டார். பூலான்தேவியும் படத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார். பிறகுதான் சமரசம் ஆனது. நீதிமன்றம் சொன்னதும் சரி, ராய் கேட்டதும் சரி. காட்சியின் நோக்கம் நேர்மையாக இருக்கலாம். அந்த உடலுக்கு உரியவளின் குரல் அதில் இல்லாமலும் இருக்கலாம். இந்த இரண்டையும் ஒரே விமர்சனத்தில் எடுத்துவைப்பவரைத்தான் நான் நல்ல விமர்சகர் என்பேன்.

தொலைக்காட்சிக்கு வருவோம். எச்.பி.ஓ. தயாரித்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 2011 முதல் 2019 வரை ஓடியது. முதல் பருவத்திலேயே ஒரு காட்சி. ஒரு பாத்திரம் தன் கடந்தகாலத்தையும் பேராசையையும் நீளமாகச் சொல்கிறது. பின்னால் விலைமாதர் விடுதியில் இரண்டு பெண்கள் ஆடையின்றி இருக்கிறார்கள். கதைக்கு வேண்டியது அவன் பேச்சுதான். பார்வையாளர் சேனலை மாற்றிவிடாமல் இருக்க அந்தப் பெண்கள் அங்கே வைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களை எடுத்துவிட்டாலும் கதையில் ஒன்றும் குறையாது.

அதே தொடரில் 2015-ல் ஐந்தாம் பருவத்தின் கடைசி அத்தியாயம் வந்தது. அரசி செர்சியை முடி வெட்டி, ஆடை களைந்து, நகரத்துத் தெரு வழியாக அரண்மனை வரை நடக்க வைக்கிறார்கள். ஊர் திரண்டு வசைபாடுகிறது, அழுக்கை வீசுகிறது. காட்சி நீளமாகப் போகிறது, கேமரா திரும்பத் திரும்ப அவள் முகத்துக்கே வருகிறது. தொடக்கத்தில் நிமிர்ந்திருந்த தலை, கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து, கடைசியில் கண்ணீரில் முடிகிறது. கொடியவளாகவே நாம் பார்த்து வந்த ஒருத்திமேல் அந்த நேரத்தில் இரக்கம் பிறக்கிறது. இங்கே நிர்வாணம் கதையைத் தாங்குகிறது. ஒரே தொடர், ஒரே நிறுவனம், இரண்டு காட்சிகள். "இந்தத் தொடரில் நிர்வாணம் அதிகம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர் இந்த வேறுபாட்டைக் காண மாட்டார்.

இதே தொடரில் வேறொரு பாத்திரத்தில் நடித்த எமிலியா கிளார்க், நடிப்புப் பள்ளியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்ததாகவும், முதல் பருவத்தின் நிர்வாணக் காட்சிகளுக்கு முன்பு தனியே போய் அழுததாகவும் 2019-ல் சொன்னார். திரையில் நாம் கண்ட அந்தப் பாத்திரத்தின் பின்னால் அப்படி ஓர் இளம்பெண் இருந்தாள்.

இன்னும் பழைய கதை ஒன்று. பெர்னார்டோ பெர்ட்டோலூச்சியின் 'லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்' 1972-ல் நியூயார்க் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. அமெரிக்காவின் பெரிய விமர்சகர் பாலின் கேல் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார். இசை வரலாற்றில் 1913-ல் ஸ்ட்ராவின்ஸ்கியின் படைப்பு அரங்கேறிய இரவுக்கு இணையாக அந்த இரவைச் சொன்னார். அதில் நடித்த மரியா ஷ்னைடருக்குப் படப்பிடிப்பின்போது வயது 19. ஒரு வன்கொடுமைக் காட்சி நடிப்பாகத்தான் எடுக்கப்பட்டது. ஆனால் அதில் ஒரு விவரத்தைப் படப்பிடிப்புக்குச் சற்று முன்பு வரை அவரிடம் சொல்லவில்லை. தான் அவமானப்படுத்தப்பட்டதாக 2007-ல் அவர் பேட்டி கொடுத்தார். நடிகையாக அல்ல, ஒரு பெண்ணாக அவர் காட்டும் எதிர்வினை வேண்டியிருந்தது என்று பெர்ட்டோலூச்சியே பின்னர் ஒப்புக்கொண்டார். 1972-ல் கேலுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. இன்று எழுதுபவருக்கு அந்தச் சாக்கு கிடையாது.

நிலைமை மாறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 'தி டூஸ்' தொடரில் நடித்த எமிலி மீட் கேட்டுக்கொண்டதால், நெருக்கமான காட்சிகளை ஒருங்கிணைக்கத் தனியாக ஒருவரை எச்.பி.ஓ. நியமித்தது. 2018-ல் அத்தகைய காட்சிகள் உள்ள தன் எல்லாத் தொடர்களுக்கும் அதை விரிவாக்கியது. சண்டைக் காட்சிக்குச் சண்டைப் பயிற்சியாளர் இருப்பது போல, இந்தக் காட்சிகளில் எது தெரியும், எது தெரியாது, யார் தளத்தில் இருப்பார்கள் என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்கிறவர் அவர். இந்திப் படங்களிலும் இந்தப் பொறுப்புக்கு ஆள் வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். படத்தின் பெயர்ப் பட்டியலில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று பார்த்துச் சொல்வது விமர்சகரின் வேலை.

தமிழில் 2019-ல் வந்த 'ஆடை'யை எடுத்துக்கொள்வோம். ரத்னகுமார் இயக்கம், அமலா பால் நடிப்பு, 'ஏ' சான்றிதழ். ஆளில்லாத கட்டடத்தில் ஆடையின்றி விழித்தெழும் காமினி, கிடைத்ததைக் கொண்டு உடலை மறைத்து வெளியேறப் பார்க்கிறாள். கேமரா அவளைச் சப்புக்கொட்டிப் பார்க்கவில்லை. அவள் பயத்தையும் சமயோசிதத்தையும் நம்மையும் உணர வைக்கிறது. தமிழ்த் திரையில் அது துணிச்சலான முயற்சி. ஆனால் முடிவில் படம் அவளுக்கே பாடம் நடத்துகிறது. அத்தனை நேரம் அவளோடு நின்ற நம்மை, அவள் பட்டது தண்டனை என்று நினைக்கச் சொல்கிறது. படப்பிடிப்பில் இருந்த கண்ணியம் திரைக்கதையின் கடைசியில் இல்லை என்பதே என் மதிப்பீடு.

பெண் உடலை மட்டும் பேசும் பழக்கமும் போக வேண்டும். டேவிட் கிரோனென்பெர்க்கின் 'ஈஸ்டர்ன் பிராமிசஸ்' படத்தில், நீராவிக் குளியல் அறையில் கத்தியோடு வரும் இருவரை விகோ மார்ட்டென்சன் ஆடையின்றி எதிர்கொள்கிறார். அந்த உடலுக்கு எந்தக் காப்பும் இல்லை என்பதே அந்தச் சண்டையின் பயங்கரம். அவர் தாராளம் காட்டினார் என்று யாரும் எழுதவில்லை. நடிப்பைப் பற்றித்தான் எழுதினார்கள். நடிகைகளுக்கும் அதே மரியாதை வேண்டும்.

இன்னொன்று, எந்தப் பிரதியைப் பார்த்தோம் என்பது. 2023-ல் வந்த 'ஓப்பன்ஹைமர்' படத்தில் நாயகனும் அவன் காதலி ஜீன் டாட்லாக்கும் ஆடையின்றி எதிரெதிரே நாற்காலியில் உட்கார்ந்து பேசும் காட்சி உண்டு. நம் ஊர்த் திரையரங்குகளில் அவளுக்குக் கணினியில் ஒரு கறுப்பு உடை போட்டுவிட்டார்கள். மறைக்க எதுவும் இல்லாமல் இருவர் உண்மை பேசும் காட்சி, ஒருவருக்கு மட்டும் உடை வந்ததும் வேறாகிவிட்டது. அது சொல்லப்படாவிட்டால் விமர்சனத்தைப் படிப்பவர் ஏமாறுவார்.

பெற்றோருக்கும் விமர்சகர் கடன்பட்டவர். பிரிட்டனில் பாலியல் சாராத நிர்வாணம் எப்போதாவது வந்தால் அதை எல்லோருக்குமான 'யு' பிரிவிலேயே அனுமதிக்கிறார்கள். நம் நாட்டில் 2023 சட்டத்திருத்தம் 'யு/ஏ' பிரிவை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்திருக்கிறது. வயதை மட்டும் சொன்னால் போதாது. பிரசவமா, குளியலா, வன்முறையா, காமமா என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால், எதைப் பிள்ளைகளோடு பார்க்கலாம் என்று வீட்டில் இருப்பவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

விமர்சனம் எழுதும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். கூச்சப்பட்டுக் கடந்துபோகாதீர்கள், ரசித்துக் கிறங்கியும் எழுதாதீர்கள். அந்தக் காட்சி யாருடைய கண்ணால் காட்டப்படுகிறது, கதைக்கு எதைத் தருகிறது, நடித்தவரின் சம்மதம் மதிக்கப்பட்டதா என்று நேராகச் சொல்லுங்கள். நேயர்களே, நீங்களும் இந்த மூன்றையும் சொல்லாத விமர்சனத்தை நம்பி ஒரு படத்தைப் புகழவோ இகழவோ வேண்டாம்.