இறுதி உண்மையும் அறிவியல் நோக்கும்



இறுதியான, முற்றான உண்மைகளைக் கண்டறிந்துவிட்டதாக உரிமை கொண்டாடிய ஜெர்மானிய அறிஞர் டூரிங்கிற்கு மறுப்பாக எங்கெல்ஸ் எழுதிய நூல் 1878-இல் வெளிவந்தது. மனித அறிவு தலைமுறை தலைமுறையாகத் தன்னைத் திருத்திக்கொண்டே வளர்வது என்பது அந்நூலின் முக்கிய வாதங்களுள் ஒன்று. அதனைப் பாடமாகப் பயின்ற சோவியத் நாட்டிலேயே அப்பாடம் மறக்கப்பட்டதும் உண்டு. அவ்வரலாற்றை எதிரிகள் எடுத்துரைக்கும் முன், இயக்கமே எடுத்துரைப்பது நலம்.

தாவர மரபியலாளர் நிகோலாய் வாவிலோவ் பல நாடுகளில் பயணம் செய்து, பயிர்வகைகளின் விதைகளைத் திரட்டி, லெனின்கிராடில் மாபெரும் விதைத் தொகுப்பை உருவாக்கினார். நாளை எந்த விதை தேவைப்படும் என்பதை இன்றே அறுதியிட்டுக் கூற இயலாது என்பதால் அனைத்தையும் காத்தார்.

டிரோஃபிம் லைசென்கோவோ, விதைகளை நனைத்துக் குளிரூட்டி விதைத்தால் விளைச்சல் பெருகும் என்றும், அவ்வாறு பெற்ற பண்பு அடுத்த தலைமுறைக்கும் செல்லும் என்றும் அடித்துக் கூறினார். உணவு நெருக்கடியில் தவித்த நாட்டிற்கு விரைவான தீர்வு தேவைப்பட்டது. அவர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் என்பதும் நம்பிக்கையை வளர்த்தது. கூற்றைச் சரிபார்க்கும் பொறுமை இல்லாமற்போயிற்று. மரபணுக் கோட்பாட்டின் மீது முதலாளித்துவ விஞ்ஞானம் என்ற முத்திரை விழுந்தது. ஐயம் எழுப்பியவர் பகைவராகக் கருதப்பட்டார்.

1940-இல் வாவிலோவ் கைது செய்யப்பட்டார். 1943-இல் சராத்தோவ் சிறையில் உயிர் நீத்தார். நாஜிப் படைகள் லெனின்கிராடை முற்றுகையிட்டிருந்த காலத்தில், அவருடைய நிறுவனத்தின் ஊழியர்கள் சிலர் அவ்விதைகளை உண்ணாமல் காத்து, பட்டினியால் மாண்டனர்.

1948 ஆகஸ்டில் மாஸ்கோவில் நடைபெற்ற வேளாண் அறிவியல் கழகக் கூட்டத்தில், தமது அறிக்கையைக் கட்சியின் மத்தியக் குழு ஏற்றுவிட்டதாக லைசென்கோ அறிவித்தார். விவாதம் அத்துடன் முடிந்தது. வயல் தரவேண்டிய விடையை மேடை தந்துவிட்டது. வாவிலோவ் 1955-இல் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டார். லைசென்கோ 1965-இல்தான் மரபியல் நிறுவனத்தின் தலைமையிலிருந்து அகற்றப்பட்டார். இடைப்பட்ட ஆண்டுகளில் சோவியத் மரபியல் இழந்தவை ஏராளம்.

இதனால் உண்மை என்று ஒன்றில்லை எனக் கொள்ளலாகாது. பூமி சூரியனைச் சுற்றுகிறது, உழைப்பு சுரண்டப்படுகிறது. இவை சோதனைகளைத் தாங்கி நிற்பதால் உண்மைகள். சோதனைக்கு உட்பட மறுக்கும் கூற்று, எவ்வளவு நல்ல நோக்கத்துடன் பிறந்ததாயினும், வேதவாக்காகிவிடுகிறது.

2023-இல் இந்தியாவில் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலிலிருந்து பரிணாமம் பற்றிய பகுதி நீக்கப்பட்டது. புராணங்களிலேயே அனைத்து அறிவியலும் அடங்கியுள்ளது என்ற குரல் ஆட்சிபீடத்திலிருந்தே ஒலிக்கிறது. இதனை எதிர்க்கும் தகுதி, தன் கருத்தையும் சோதித்துப் பார்க்கும் இயக்கத்திற்கே உண்டு.

கிளைக் கூட்டத்தில் ஒரு தோழர் மாற்றுக் கருத்தைக் கூறும்போது, அவர் எவர் பக்கம் நிற்கிறார் என்று ஆராயும் முன், அவர் காட்டும் சான்று யாது என்று கேட்கப்படவேண்டும். வாவிலோவுக்கு மறுக்கப்பட்டது அக்கேள்விதான்.