செம்புத்தகட்டில் ஒரு மாடு



நம் காடாம்புலியூரிலிருந்து தெற்கே சிதம்பரம், சீர்காழி தாண்டிப் போனால் தரங்கம்பாடி. 1620இல் டென்மார்க்குக்காரர்கள் வந்து கோட்டை கட்டிய ஊர். அங்கே சீகன்பால்கு என்ற பாதிரியார் வைத்த அச்சுக்கூடத்தில்தான் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. 1845இல் அந்த ஊரைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். அதே 1845இல் டென்மார்க்கில் கோலுண்ட் என்ற கவிஞர் குழந்தைகளுக்கு ஒரு நீதிக்கதைப் புத்தகம் வெளியிட்டார். அதற்குப் படம் வரைந்தவர் யோஹான் தோமஸ் லுண்ட்பியூ என்ற இளைஞர். அவரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

1844இல் ஹோயென் என்ற கலை அறிஞர் அந்த நாட்டில் மேடையேறி, ஓவியர்களே, உங்கள் சொந்த மண்ணையும் மக்களையும் வரையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். லுண்ட்பியூவின் மனசில் அது முன்பே ஊறியிருந்தது. தாள் ஓவியம் தவிர, செம்புத்தகட்டிலும் அவர் வரைந்தார். தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, அந்தப் பள்ளத்தில் மையை நிரப்பித் தாளில் ஒற்றியெடுக்கிற வேலை அது. இத்தனை பாடும் யாருக்காக? ராஜாவுக்கா? இல்லை ஐயா, ஆட்டுக்கும் மாட்டுக்கும்! அவருடைய மாடு நமக்கு எந்தச் சேதியும் சொல்லாது. வயிறு நிறைந்து நிற்கும், படுக்கும், அவ்வளவுதான். அதை அப்படியே விட்டுவைத்தாரே, அந்த மரியாதைக்கு முன்னால் நான் தலைவணங்குகிறேன். 1848இல் டென்மார்க்கில் போர் வந்தது. தானாகப் போய்ப் படையில் சேர்ந்தவர், துப்பாக்கி தவறி வெடித்து இறந்துபோனார். வயது 29.

நம் பக்கம் பாருங்கள். ரவி வர்மா அச்சகம் வெளியிட்ட பசுப் படத்தில், பசுவின் உடம்பு முழுக்கத் தேவர்கள். கையெடுத்துக் கும்பிட வேண்டிய படம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொட்டகையில் கட்டியிருக்கிற நம் மாடு அதில் எங்கே?

அதைப் பார்க்கிற கண் நமக்கு இல்லாமலா போயிற்று? மாமல்லபுரம் கிருஷ்ண மண்டபத்துக்குப் போங்கள். மலையைத் தூக்கி நிற்கிறான் கண்ணன். பக்கத்திலேயே ஒருவர் குந்தியிருந்து பால் கறக்கிறார், பசு கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. கடவுள் அற்புதம் செய்கிற நேரத்திலும் கறவை நிற்கவில்லை! தினம் மாட்டோடு புழங்கியவன் கைதான் அப்படிச் செதுக்கும். பல்லவர் காலத்துப் பாறையில் வந்த அந்த மாடு, தரங்கம்பாடியில் அச்சு இறங்கி முந்நூறு வருஷமாகியும் நம் தாளில் போதுமான அளவு வரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பிள்ளைகளே, செம்பும் அமிலமும் உங்களுக்கு வேண்டாம். ஒரு லினோ துண்டு, செதுக்குகிற உளி, கறுப்பு மை போதும். உளி பிடிக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். முந்திரித் தோப்பில் மேய்கிற ஆட்டை, கழுநீர்த் தொட்டியில் வாய்வைத்த எருமையை முதலில் உட்கார்ந்து பாருங்கள். காது எப்படி மடிகிறது, முன்னங்காலை எப்படி மடக்கிப் படுக்கிறது என்று பாருங்கள். பிறகு செதுக்கி, மை தடவித் தாளில் ஒற்றியெடுங்கள். மாட்டுப்பொங்கலன்று அந்தப் படங்களையெல்லாம் இதே இடத்தில் வரிசையாக மாட்டுவோம். மையும் தாளும் நான் வாங்கித் தருகிறேன்.