கழற்றி மாட்டும் பல்: எதில் கட்டுவது?

(சுகாதாரக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



நாலைந்து பல் விழுந்தவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "ஐயா, பல்லு கட்டணும், எது நல்லது?" சேலை எடுக்கிற மாதிரி இதை எடுக்க முடியாதுங்க. வாயில் மிச்சம் இருக்கும் பல்லைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அதிகமாகக் கட்டுவது அக்ரிலிக் என்கிற ரோஸ் நிறப் பிளாஸ்டிக்கில். செலவு குறைவு. உடைந்தால் ஒட்டலாம். பிறகு இன்னொரு பல் போனாலும் அதே செட்டில் சேர்த்துத் தருவார்கள். ஆனால் தடிப்பு, பேச்சு கொஞ்ச நாள் தடுமாறும். பீலிக்கரையில் கை நழுவிக் கல்லில் விழுந்தால் இரண்டு துண்டுதான். பேசினில் தண்ணீர் வைத்து அதற்கு மேலே பிடித்துக் கழுவுங்க.

இரண்டாவது, கோபால்ட் குரோமியம் என்ற உலோகத் தகடு. மெல்லிசு, லேசில் உடையாது. மிச்சப் பல்லின் மேல் தாங்கி நிற்பதால் மெல்லும்போது முரசு அவ்வளவு நசுங்காது. அதற்கு அந்தப் பற்கள் உறுதியாக இருக்க வேண்டுமே! இரண்டு பல் ஆடிக்கொண்டு இருக்கும்போது சீட்டுக் காசை எடுத்து இதைக் கட்டுவது வீண். அந்த ஆடுகிற பல்லும் விழுந்தால், தகட்டில் புதுப் பல் சேர்ப்பது கஷ்டம். அப்படிப்பட்டவர்களுக்கு அக்ரிலிக்தான் சரி என்பேன்.

"கம்பி தெரியாத பல்லு இருக்காமே?" என்று இளம் பிள்ளைகள் கேட்கிறார்கள். அது நைலோன், வளையும். முன்பல் ஒன்றிரண்டுக்கு அழகுதான். உடைந்தால் ஒட்டுவது சிரமம், மெல்லும் பாரமெல்லாம் முரசில் விழும்.

டவுனில் சிலர் பசை மாதிரிப் பிளாஸ்டிக்கைப் பக்கத்துப் பல்லோடு ஒட்டி, ஒரே மணித்தியாலத்தில் "கட்டி" விடுகிறார்கள். கழற்றவே முடியாது. அடியில் சோறு தங்கி, நல்ல பல்லும் சொத்தையாகும். இலங்கை மருத்துவச் சபையில் பதிந்த பல் வைத்தியரிடம் மட்டும் போங்க.

எந்த வகையானாலும் இரவில் கழற்றிப் பச்சைத் தண்ணீரில் போடணும். சுடுதண்ணீர் வேண்டாம், அக்ரிலிக் கோணிவிடும்.

வெற்றிலை போடுகிறவர்களே, வாயில் புண் வந்தால் "செட்டு உரசினது" என்று இருந்துவிடாதீங்க. இரண்டு கிழமையில் ஆறாவிட்டால் உடனே காட்டுங்க. நம் நாட்டு ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்னால் நிற்கிறது.

முதலில் அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் வைத்தியரிடம் காட்டுங்க. பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையிலும் பல் கட்டுகிறார்கள்; துண்டு தேவையா என்று இவரிடமே கேட்டுக்கொள்ளுங்க. பழைய செட் உடைந்து கிடந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்க.